வேண்டாம் என்றதும் வந்த கோல்

அன்புள்ள லோகேஸ்வரிக்கு,

நீயும் பிள்ளையும் சுகமா? மடுல்சீமையில் மழை விட்டதா? நான் இங்கே கட்டாரில் நல்ல சுகம்.

வீட்டுப் போனில் நான் போட்டுவைத்த பேங்க் கார்டில், நம் டிலுக்ஷனா போன் விளையாட்டில் வரும் பொம்மைக்கு உடுப்பு வாங்கிவிட்டாள் என்று அவளை ஏசாதே. அதைத் தடுக்க, அறையில் கூட இருக்கும் நப்ரீஸ் வழி காட்டினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் போனில் ஏதேதோ அமுக்கும்படி உனக்குச் சொன்னேனே, அதுதான். இனி அவள் எதை வாங்கப் போனாலும் முதலில் என் போனில் அனுமதி கேட்கும். நான் சம்மதிக்காமல் காசு போகாது.

நேற்றே கேட்டது! பொம்மைக்கு இறக்கை வேண்டுமாம். வேண்டாம் என்று அமுக்கினேன். உடனே அவளாகவே எனக்குப் போன் கோல் எடுத்தாள், லோகேஸ்! நீ போனைக் கொடுத்தாலும் "ம்" என்று சொல்லிவிட்டு ஓடுகிற பிள்ளை!

"ஏம்ப்பா வேணாம்னு போட்டீங்க? அது பறக்கும்ப்பா!"

"பறந்து எங்கம்மா போவும்?"

"ஐயோ அப்பா, ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியல!"

விளையாட்டை விளக்கினாள், சண்டை பிடித்தாள், பிறகு பூனை குட்டி போட்டதையும் சொன்னாள். சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை.

லீவில் வரும் ரமேஸிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் திரும்பும்போது கொஞ்சம் தேயிலைத் தூளும் பிள்ளை கீறிய படம் ஒன்றும் கொடு. வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது. அவள் இன்னும் எதையாவது கேட்டால் நீ தடுக்காதே, கேட்கட்டும். வேண்டாம் என்று சொல்ல நான் இருக்கிறேன்.

உன்
யோகராஜ்