கல் எழும்பினால் பார்ப்போம்

ஒக்டோபர் 12, சனி

இன்று முற்றத்தில் கடைசிக் கல்லையும் வைத்து முடித்தேன். முழங்கால் இரண்டும் வீங்கிப்போய்க் கிடக்கின்றன. கிடக்கட்டும்.

மாலையில் ஹன்னா வந்து பார்த்தாள். எங்கள் வரிசை வீடுகளின் நிர்வாகக் குழுத் தலைவி. கெட்டவள் இல்லை, சட்டப் புத்தகத்தோடு பிறந்தவள், அவ்வளவுதான். இந்தப் பியோர்ண்டால் பக்கம் களிமண் நிலம், குளிர்காலத்தில் மண்ணுக்குள் தண்ணீர் உறைந்து கல்லைத் தூக்கும், போன வருடம் ஒருவர் அப்படித் தடக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார் என்றாள். "வசந்தத்தில் கல் எழும்பி நின்றால் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டுப் பழையபடி புல் போட வேண்டும். இது குழுவின் முடிவு."

"எழும்பினால் பார்ப்போம்" என்றேன். என் நோர்வேஜிய மொழியில் அது கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் வந்தது. சந்தோஷம்.

புல்லாம்! பக்கவாதம் வந்த பிறகு என் கணவர் கதவோடு நின்றுவிடுகிறார். இவர் பிடித்து நடக்கும் நடைவண்டியின் சில்லு ஈரப் புல்லில் புதைகிறது. நான் பிடித்தால்தான் வெளியே வரலாம். நான் பிடிப்பது இவருக்குப் பிடிக்காது. ஒரு காலத்தில் பஸ் ஓட்டி ஒஸ்லோ முழுக்கச் சுற்றிய மனிதர் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து வெளியைப் பார்க்கிறார். புல் வேண்டுமென்றால் ஹன்னா தன் வீட்டில் வளர்க்கட்டும்.

ஒக்டோபர் 27, ஞாயிறு

இலைகளைக் கூட்டி அள்ளினேன். கல் இடுக்குகளில் மணல் இறங்கியிருந்த இடமெல்லாம் திரும்ப நிரப்பினேன். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயை முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டேன்.

எதிரி குளிர் இல்லை, தண்ணீர். தண்ணீர் தங்காவிட்டால் உறைவதற்கு என்ன இருக்கிறது? அதற்காகத்தானே கோடை முழுக்க முழங்கால் ஆழத்துக்குக் களிமண்ணை வெட்டி எடுத்தேன். களிமண் மேலே கலக்காமலிருக்கத் துணி விரித்து, உடைகல் கொட்டி, அமுக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, எலும்பெல்லாம் குலுங்க ஓட்டினேன். மழை பெய்தால் தண்ணீர் சுவரை விட்டு வெளிப்பக்கம் ஓடும். இன்றும் ஓடியது. குடையோடு நின்று பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

நவம்பர் 21, வியாழன்

முதல் பனி. பிளாஸ்டிக் சவலால் தள்ளினேன். இரும்பு பட்டால் கல்லின் விளிம்பு உடையும். வழுக்காமல் இருக்கச் சிறுகல் தூவினேன். உப்பு கூடவே கூடாது, அது கொங்கிரீட் கல்லின் தோலை உரித்துவிடும்.

இவர் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். பிறகு உள்ளே எடுத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி கோப்பை கழுவினேன்.

ஜனவரி 14, செவ்வாய். தைப்பொங்கல்

எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

இந்த வருடம் வெளியில் பொங்குவோம் என்று சொன்னது நான்தான். மங்களேஸ்வரி அக்கா விடியவே லில்லெஸ்ட்ரோமிலிருந்து ரயிலேறி வந்துவிட்டாள். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருக்க, அவள் என்ன செய்தாள்? வாளி வாளியாகச் சுடுதண்ணீரில் மஞ்சள் கரைத்து முற்றத்தைக் கழுவியிருக்கிறாள். மைனஸ் பதினொன்றில்!

"கழுவாத முத்தத்திலை ஆரும் பானை வைப்பினமோ?" என்கிறாள். "பச்சைத் தண்ணியே ஊத்தினனான்? சுடுதண்ணிதானே!"

நான் ஓடி வந்தபோது வாசலோரம் முழுக்க மஞ்சள் கண்ணாடி. நான் கத்த, அவள் பதறிப்போய் "பொறடி, பொறடி" என்றபடி குசினிக்குள் ஓடி, உப்புப் பைக்கற்றை உடைத்து அப்படியே கொட்டினாள்.

"ஐயோ, உப்புப் போடாதேங்கோ!" — எங்கே கேட்டாள்! பனிக்கட்டி இளகி இடுக்கு வழியே இறங்கியது. கீழே எல்லாம் உறைந்து இறுகிக் கிடக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகும்? அங்கேயே உறையும். உறைந்து கல்லைத் தூக்கும்.

"ஒரு கல்லுக்காக அக்காவோடை இப்பிடிக் கத்துறாய்" என்று அழுதாள்.

கல்லுக்காகவா? இவர் வெளியே போவதற்கு எனக்கு வேறு வழி இருக்கிறதா? அதைச் சொல்ல வாய் வரவில்லை. கெட்ட சொல்தான் வந்தது. அக்கா பொங்கல் வாயில் வைக்காமலே ரயிலேறிவிட்டாள். பால் பொங்கியதை ஒருவரும் பார்க்கவில்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு

எழும்பிவிட்டன. வாசலோரம் ஒரு வரிசை, விரல் தடிப்புக்கு. நடைவண்டியின் சில்லு முதலில் ஏறவேண்டிய அதே இடம்.

அழுதேன். பிறகு நடந்து மற்றக் கற்களை எல்லாம் காலால் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. ஒன்றுகூட இல்லை! என் வேலையில் பிழை இல்லை. நிலம் இளகும் வரை தொடக்கூடாது. இளகட்டும், நானும் இருக்கிறேன்.

ஹன்னா வேலிக்கு வெளியே நின்று படம் எடுத்தாள். எடு, வடிவாக எடு.

மார்ச் 2, ஞாயிறு

அக்கா எனக்குப் போன் எடுக்கவில்லை. நானும் அவளுக்கு எடுக்கவில்லை.

ஏப்ரல் 12, சனி

நிலம் இளகிவிட்டது. எழும்பிய கற்களைக் கிளப்பி, சேறாகிப்போன மணலை வழித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அக்கா. கையுறையும் பழைய காற்சட்டையுமாக, கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு.

"தர்மலிங்கம் எனக்குப் போன் எடுத்தவர்" என்றாள். "'வாங்கோ' எண்டு ஒரு சொல்லு. பிறகு வைச்சிட்டார்."

இவரா? பக்கவாதத்துக்குப் பிறகு இவர் தானாகப் போனைத் தொட்டதே இல்லை. கண்ணாடிப் பக்கம் பார்த்தேன். வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார், கள்ளன்.

ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அக்கா மணல் பரப்பினாள், நான் மட்டம் பிடித்தேன். உப்பு தின்று முகம் உதிர்ந்த கற்களைக் கவிழ்த்து வைத்தோம். அடிப்பக்கம் புதிதாக இருந்தது.

"இனி இதிலை ஒரு நாளும் தண்ணி ஊத்தக்கூடாதோ?"

"கோடையிலை ஊத்துங்கோ, ஆர் மறிச்சது?"

சிரித்துவிட்டாள். பாழாய்ப்போனவள், நானும் சிரித்துவிட்டேன்.

மே 4, ஞாயிறு

ஹன்னா பெப்ரவரிப் படத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு வந்தாள். "எழும்பியிருக்கிறதே" என்றாள்.

"எழும்பியது. திரும்ப வைத்தேன். அடுத்த வருடம் எழும்பினால் அடுத்த வருடமும் வைப்பேன். புல் மட்டும் போட மாட்டேன். குழுவிடம் போய் அப்படியே சொல்."

அவள் வாய் திறப்பதற்குள் பின்னால் கதவு திறந்தது. இவர். நடைவண்டியோடு. என் கை தானாகப் போனது.

"நீர் அங்காலை நில்லும்" என்றார்.

நின்றேன். சில்லு வாசலைத் தாண்டியது, புதிதாக வைத்த வரிசையைத் தாண்டியது, எங்கும் தட்டவில்லை. மெல்ல, மெல்ல, கடைசிக் கல் வரைக்கும் போனார். திரும்பினார். மூச்சு வாங்கியது. ஹன்னாவைப் பார்த்து நோர்வேஜிய மொழியில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "இது என்னுடைய முற்றம்."

மண் வெட்டியது நான். கல் சுமந்தது நான். முழங்கால் போனது எனக்கு. இவருடைய முற்றமாம்! சொல்லட்டும். இன்னும் நூறு தரம் சொல்லட்டும்.

ஹன்னா போனைப் பைக்குள் வைத்தாள். ஒவ்வொரு வசந்தத்திலும் சரிபார்க்க வேண்டும், மற்றபடி கல் இருக்கலாம் என்றாள். குழுவோடு தானே பேசுவாளாம்.

இரண்டு தரம் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டேன், இவர் உள்ளே வருவதாக இல்லை. சோற்றை அங்கேயே கொண்டுவரட்டாம்.