வலது காலுக்கு ஒரு கிளிப்

என் அன்பு வாலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா நலம், நானும் நலம், என் வலது முழங்கால் ஒன்றுதான் இன்னும் கோபித்துக்கொண்டிருக்கிறது. அங்கே நீயும் உன் இரண்டு முழங்கால்களும் நலம்தானே. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், நான் சொல்லப்போவதோ அவள் காதில் விழக்கூடாதது. என் கையெழுத்தைப் பார்த்தாலே அவளுக்குத் தலை சுற்றும் என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

நான் சைக்கிளிலிருந்து விழுந்ததை அம்மா சொன்னதும், வித்துடுங்கப்பா என்று நீ ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டாய். பொண்ணு என்ன சொல்றாளோ அதுதான் என்று அம்மாவும் பழைய இரும்புக்காரரிடம் பேசி வைத்திருக்கிறாள், மாதக் கடைசியில் வருகிறாராம். அதற்குள் என் தரப்பையும் கேட்டுவிடு. முப்பத்தொரு வருடமாக நான் அச்சகத்துக்குக் கிளம்பும்போது அம்மா வாசல் படியில் உட்கார்ந்து, என் வலது கால் பேன்ட்டை மடித்து, துணி காயப்போடும் கிளிப் ஒன்றை மாட்டிவிடுவாள். செயின் துணியைக் கவ்வாது. இதெல்லாம் நீ பார்த்ததுதான். நான் விழுந்த வாரம் சமையலறைக் குழாயைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று கழற்றி, வீட்டுக்குள் படகு விடும் அளவுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். பிளம்பரைக் கூப்பிடுங்க என்று அவள் மூன்று முறை சொன்னது உண்மைதான். நாலாவது முறை சொல்லிக்காட்டியதும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து ஏதோ உளறிவிட்டேன். அதோடு பேச்சுவார்த்தை நின்றது, கிளிப்பும் நின்றது. மூன்று நாள் செயின் பொறுத்துக்கொண்டது. நாலாம் நாள் காலையில் அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போலீஸ்காரர் மாதிரி வாசலில் நின்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியை எடுத்தேன். நானே மாட்டியிருக்கலாம், எனக்கும் குனியத் தெரியும், ஆனால் அன்றைக்குக் குனிந்தால் தோற்றுப்போனது மாதிரி இருக்கும் என்று பட்டது.

சலூன் வாசலுக்குப் போவதற்குள் செயின் பேன்ட்டைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. மிதிக்கவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை, மெதுவாக, மிகவும் மரியாதையாகச் சாய்ந்து விழுந்தேன். சலூன்காரர் ஓடிவந்து, ஆடாதீங்க சார், முடி வெட்டற மாதிரிதான் என்று பேன்ட்டை முழங்காலுக்குக் கீழே கத்தரித்து என்னை விடுவித்தார், பிறகு முடி வெட்டும்போது போர்த்துகிற துணியை இடுப்பில் சுற்றி அனுப்பிவைத்தார். அந்தக் கோலத்தில் போய் நின்றதும் உன் அம்மா நாலு நாள் மௌனத்தை உடைத்து, என்னங்க இது, யார் வீட்டுத் திரைச்சீலை என்று கேட்டாள். அப்புறம் ரத்தத்தைப் பார்த்துவிட்டு அழுதாள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

இனிமேல் கிளிப்பே வேண்டாம் என்று என் ஐந்து பேன்ட்டிலும் கால் பக்கம் பொத்தானோடு ஒரு பட்டை தைத்துக் கொடுத்திருக்கிறாள். மூன்று இடத்தில் ஊசி குத்தி விரல் வீங்கிப் போயிற்று. ஆனால் வாலு, ஐந்திலும் இடது காலில் தைத்திருக்கிறாள்! எதிரே உட்கார்ந்தே மாட்டிப் பழகியவளுக்குத் தன் இடக்கைப் பக்கம் வருவதுதான் என் வலது கால். தைக்கும்போது பேன்ட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டதில் கால் மாறிவிட்டது. அச்சகத்தில் ஊரார் எழுத்துப் பிழையையெல்லாம் திருத்திச் சம்பளம் வாங்குகிற எனக்கு வீட்டில் இந்த ஒரு பிழையைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் அவள் முன்னால் இடது காலில் பட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பி, சலூன் ஓரம் நின்று வலது காலில் கிளிப் மாட்டிக்கொள்கிறேன். எந்தப் பேன்ட்டைப் போட்டாலும் பையில் ஒரு கிளிப் கிடக்கிறது, நானே மறந்து வைத்திருப்பேன் போல. ரெண்டு காலையும் கட்டிக்கிட்டு எங்க சார், சாக்கு ஓட்டப் பந்தயத்துக்கா என்று சலூன்காரர் தினமும் கேட்கிறார்.

ஆகவே தாயே, தீர்ப்பை மாற்றி அம்மாவுக்கு ஒரு வரி எழுது. பஸ்ஸில் போனால் நான் கிழவன், சைக்கிளில் போனால் வெறும் அச்சகத்துக்காரன், அவ்வளவுதான் விஷயம். நீயும் அங்கே வேலைக்குச் சைக்கிளில்தான் போகிறாய். வலது காலைச் சாக்ஸுக்குள் சொருகிக்கொள், அழகு பார்க்காதே, தொங்குகிற துப்பட்டா வேண்டவே வேண்டாம், யாரோடு சண்டை போட்டிருந்தாலும் குனிந்து மாட்டிவிட்டுக் கிளம்பு. விழாமல், விழுந்தாலும் சிரித்துக்கொண்டு எழுந்து, நூறு வயது வரை ஓட்டு. பட்டை விஷயம் அம்மாவுக்குத் தெரியவே கூடாது, மறந்துவிடாதே. கவரை ஒட்டித் தபாலில் சேர்க்க அவளிடம்தான் கொடுக்கிறேன்.

ஆசிகளுடன்,
ஒன்றரை முழங்கால் அப்பா

அம்மா எழுதுவது. ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன், கோழிக் கிறுக்கலானாலும் முப்பத்தொரு வருடப் பழக்கம். பட்டை இடது காலில் இருப்பது இரண்டாம் நாளே தெரியும், பையில் கிளிப் போட்டு வைப்பதே நான்தான். இரும்புக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், உன் அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே. அன்றைக்கு வாசலில் நின்றபோது முதுகுக்குப் பின்னால் என் கையில் கிளிப்தான் இருந்தது. இந்த மனுஷர் ஒரு நிமிடம் நின்றால்தானே.