மெழுகு வைத்து அடைத்த குப்பி

இன்று காலை உன் பொந்தியான் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், உன் மகள் ஸ்டெல்லா, அவள் கணவர் அந்தோணி. நீ கண்ணை மூடி ஒரு மாதம் கழித்து உன் அலமாரியை ஒழித்தோம். அடித்தட்டிலிருந்து அந்தக் கறுப்புக் குப்பியை எடுத்தது நான்தான். மூடியைச் சுற்றி மெழுகு.

“அலமாக்! தொறக்காதீங்க ஆன்ட்டி!” என்றாள் ஸ்டெல்லா. பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவள். லேபிளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. “ஓசோன அழிக்கிற சாமான் இது. ஃபேக்டரியில எலக்ட்ரானிக் பலகை கழுவுறது. அம்மாவா திருடிட்டு வந்தாங்க?”

உன்னிடம் அதைக் கேட்டது நான். என் பூசையறை வேலில் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை என்று புலம்பினேன். நீ வேலை செய்த இடத்திலிருந்து சாப்பாட்டு டப்பாவில் மறைத்துக் கொண்டுவந்தாய். துணியில் நனைத்துத் துடைத்தால் பிசுக்கும் போகும், ஈரமும் நொடியில் போகும். “ஒன் கற்பூரம் மாதிரிதான், ஒண்ணும் மிச்சம் இல்ல,” என்பாய். தைப்பூசத்துக்குத் தைப்பூசம் ‘மூன்று மூடி’ என்று பூசை நோட்டில் குறித்திருக்கிறேன்.

காணாமல் போகவில்லை அது. பிறகொரு நாள் நூலகத்து மலாய்ப் புத்தகத்தை அகராதியோடு படித்தபோதுதான் தெரிந்தது. மெல்ல மேலே ஏறி, அங்கே வெயிலில் உடைந்து, அதிலிருந்து பிரியும் குளோரின் ஓசோனை அழிக்குமாம். ஆய்வாளர்கள் வருடக்கணக்காகத் தென்துருவ வானத்தை அளந்து, குளிர் முடிந்து வெயில் திரும்பும் மாதங்களில் அந்தப் படலம் மெலிவதைக் கண்டார்களாம். உன்னிடம் ஓடிவந்தேன். “தென்துருவம் எங்க, பொந்தியான் எங்க லா? மூணு மூடிக்கு வானம் கிழிஞ்சிருமாடி?” என்று சிரித்தாய். சிரித்தவள்தான் மெழுகுவர்த்தி ஏற்றி இதை அடைத்திருக்கிறாய். என்னிடம் சொல்லவே இல்லை.

படலம் இப்போது தேறிவருகிறதாம். ஆனால் நாம் விட்டது நம் ஆயுளையும் தாண்டி மேலே கிடக்குமாம். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. விளக்கேற்றப் போய்த் திரியை மறந்து திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை குப்பியை எடுத்துப்போக ரசாயனக் கழிவு எடுக்கும் ஆள் வருகிறார். எப்படி வீட்டுக்கு வந்தது என்று எழுதிக்கொடுக்க வேண்டுமாம். “அத்தை ஃபேக்டரியிலேருந்து எடுத்துட்டு வந்தாங்கன்னு போட்டுருவோம்,” என்றார் அந்தோணி. ஸ்டெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் குப்பியைத் துணியில் சுற்றி வைத்தேன்.

“நீ கேட்டேன்னு யார்கிட்டயும் மூச்சு விடாத. ஒன் மாமியா ஒன்ன வாழவிட மாட்டா,” என்று அந்த வேலின்மேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாயே. மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். சத்தியத்தை நான் மட்டும் சுமக்கிறேன். உன் மகள் உன்னைத் திருடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

சத்தியம் வாங்கியவள் நீ, நீதான் விடுவிக்க வேண்டும். ஸ்டெல்லாவிடம் சொல்லட்டுமா? வியாழனுக்குள் பதில் தா.