ஓடைக்கு இந்தப் பக்கம்

மிசௌரி,
அக்டோபர் கடைசி

அன்புள்ள வெர்னனுக்கு,

முழங்கால் அறுவைக்குப் பிறகு நீ நடை பழகுவதாக உன் மகள் சொன்னாள். நவம்பரில் மான் வேட்டைக்கு ஊர் வந்தே தீருவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிறாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் தொப்பையை அறிந்தவன் நீ. விஷயம் பெரிது என்று புரிந்திருக்கும்.

உன் வேட்டைப் பரணுக்கு எதிரே மான் மேய ஒரு துண்டு நிலத்தைப் பண்படுத்தச் சொன்னாய். வழி வரைந்து தரட்டுமா என்றாய். எனக்கா வழி தெரியாது என்றேன். வேலையில் குறை வைக்கவில்லை. களையைக் கருக்கினேன். மண் புளிப்பு என்று சோதனையில் வந்தது. சுண்ணாம்புத் தூளை மூட்டை மூட்டையாக இறைத்தேன். சட்டிக் கலப்பையால் இருமுறை உழுதேன். மண்ணை அழுத்த உருளை இல்லாமல் விழித்தபோது கொண்டுவந்து தந்தவன் யார் தெரியுமா? பக்கத்து நிலத்து ஹார்லன்! நீ சுட்டு, எல்லை தாண்டி விழுந்த மானுக்காக உன்னோடு பேச்சை முறித்தானே, அவனேதான். "நல்லா அழுத்தி ஓட்டுப்பா, அப்பதான் வெதை மண்ணைப் பிடிக்கும்" என்றான். இந்தத் தங்கமான மனுஷனையா வெர்னன் திட்டுகிறான் என்று உன்னைத்தான் நொந்துகொண்டேன்.

மானுக்கென்று விதைத்த க்ளோவர் தீவனம் கணுக்கால் உயரம் வந்துவிட்டது. மான்கள் பந்திக்கு வருவதுபோல் வருகின்றன. போன வாரம் உன் பரணைச் செப்பனிடப் போனேன். புதருக்குள் இருக்கும் என்று நம்பியிருந்த பரணைக் காணோம். அது ஓடைக்கு அந்தப் பக்கம், முள் மண்டிய திட்டில் நிற்கிறது. புயலில் வேலி சாய்ந்ததில் எனக்கு எல்லை தெரியவில்லை; நான் பண்படுத்தியது முழுக்க ஹார்லனின் நிலம்.

ஏன்யா சொல்லவில்லை என்று அவனிடம் சண்டைக்குப் போனேன். "நீ அவ்ளோ ஆசையா ஓட்டுன, கெடுக்க மனசு வரல. மேக்கு மூலை பாக்கி கெடக்கு, அடுத்த வருஷம் வர்றியா?" என்றான். காப்பிக் கடையில் நான் நுழைந்தாலே, "ஹார்லனோட பண்ணையாளுக்கு ஒரு காப்பி!" என்று கத்துகிறார்கள்.

உறைபனி தொடங்கிவிட்டது; இனி உன் பக்கம் விதைத்தாலும் முளைக்காது. அந்த க்ளோவர் ஓரத்தில் உன்னை உட்காரவிடும்படி ஹார்லனைக் கெஞ்சினேன். "உக்காரட்டும். ஆனா அவன் வாயால கேக்கட்டும்" என்றான். என் மடத்தனத்துக்கு நீ தலைகுனிவதா? எழுதவே கை கூசுகிறது. உன் பெயரில் நானே கேட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். உனக்காக நான் இதுவரை செய்த காரியங்களே போதும் என்று விட்டுவிட்டேன்.

அவனைக் கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம். நடைப்பயிற்சியை மட்டும் நிறுத்திவிடாதே. என்னைத் திட்டுவதற்குப் போனை எடுக்காதே, வெர்னன். நடந்தே வந்து, என் வாசலில் நின்று திட்டு.

தலை நிமிராமல்,
ராய்ஸ்