கொற்றி சொன்ன நான்கு சொற்கள்

மழை தவறாதிருக்க, மன்றம் கோணாதிருக்க, நெடுந்துறை நாட்டை ஆளும் இளநங்கைப் பெருமாட்டியார் திருவாக்கின்படி, பதினெட்டு ஊர்ச் சபையார்க்கும், வாயில்தோறும் அமர்ந்து குடிகளின் முறையீட்டை ஏட்டில் ஏற்றும் எழுத்தர் யாவர்க்கும் விடுக்கும் ஓலை. உங்கள் கிணறுகள் ஊறட்டும். உங்கள் மனைகளில் விளக்கு நின்றெரியட்டும். இவ்வோலை வாசிக்கப்படும்போது யாரும் அமர்ந்திருக்க வேண்டாம்.

நம் நாட்டு வழக்கம் நீங்கள் அறிந்ததே. முறையீட்டு ஏட்டின் தலையில் ஒரு சொல் எழுதப்படும். 'தொல்லை' என்றிருந்தால் அது ஊர்ச் சபைக்குப் போகும். சபை கூடும்போது பார்த்துக்கொள்ளும். 'வதை' என்றிருந்தால் அரண்மனை முரசு அறையப்படும். அரசியார் உண்டுகொண்டிருந்தாலும் இலையை விட்டு எழுந்து வந்தாக வேண்டும்.

மூன்றாண்டுக்கு முன் ஒருநாள் முரசு கேட்டு அரசியார் பாதிச் சோற்றில் எழுந்து ஓடி வந்தார். வந்து பார்த்தால், அண்டை வீட்டுச் சேவல் விடியுமுன்பே கூவித் தம்மை வதைக்கிறது என்று எண்ணெய் வணிகர் ஒருவர் கைகட்டி நின்றிருந்தார். அவையே சிரித்தது. அரசியாரும் சிரித்தார், சிரித்து முடித்ததும் சினந்தார். இனிச் சின்னச் சங்கதிக்குப் பெரிய சொல் எழுதினால் எழுத்தாணியைப் பிடுங்கிக்கொள்வோம் என்று தலைவாயில் எழுத்தன் தத்தனைக் கடிந்தார். தத்தன் பிள்ளைகுட்டிக்காரன், பயந்தவன். அன்றுமுதல் யார் வந்து என்ன சொல்லி அழுதாலும் 'தொல்லை' என்றே எழுதினான். இவ்வோலையை எழுதும் கையும் அவனுடையதே. வேறொருவரை எழுத வைக்க அரசியார் இசையவில்லை.

உப்பளத்துக் கொற்றியிடமிருந்து ஓராண்டில் நான்கு முறையீடுகள் வந்தன. கண்காணி விடங்கன் உப்பில் மணல் கலந்ததை அவள் சபையில் வெளிப்படச் சொல்லிவிட்டாள்; அந்த வன்மத்தில் அவன் அவளை நிம்மதியாக இருக்க விடவில்லை. நான்கு ஏட்டின் தலையிலும் 'தொல்லை' என்றே இருந்ததால், நான்கையும் அரசியார் சபைக்குத் தள்ளிவிட்டார்; சபையோ அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டது. சித்திரை வெயிலில், உடம்பெல்லாம் காய்ச்சலோடு, விடங்கன் காலால் கலைத்த உப்பை மூன்றாம் முறை வாரிக் குவிக்கையில் கொற்றி பாத்தியிலேயே விழுந்தாள். பிறகு எழவில்லை.

பதினாறாம் நாள் கழிந்து அவள் கணவன் ஏறன் அவைக்கு வந்தான். தோணிக்காரன். விடங்கன் சிறையில் கிடப்பதைச் சொன்னார்கள். அதை அவன் காதில் வாங்கவேயில்லை. தன் மனைவி சொல்லி எழுதிய ஏடுகள் இங்கே இருக்கின்றனவாமே, அவள் பேச்சு இனி அவற்றில்தானே இருக்கிறது, ஒருமுறை படித்துக்காட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டான். எழுத்தறியாதவன் அவன். அரசியாரே ஏடுகளை வாங்கிப் படித்தார். ஒன்றில் தொல்லை. அடுத்ததிலும் தொல்லை. நான்காவதும் முடிந்தபின் ஏறன் தலையாட்டி, "இது அவ பேச்சு இல்லீங்க தாயே. அவ இப்படிச் சொல்லியிருக்க மாட்டா" என்றான்.

தத்தன் அழைக்கப்பட்டான். அவன் எதையும் மறந்திருக்கவில்லை. முதல் முறை அவள், "சும்மா நச்சரிச்சுக்கிட்டே இருக்காருங்க" என்றாளாம். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாளாம். அடுத்த முறை, "இந்தப் பாத்திக்குப் போ, அந்தப் பாத்திக்குப் போன்னு அலைக்கழிக்கிறாரு" என்றாள். மூன்றாம் முறை விடங்கனுக்கு அவள் கொடுத்த மரியாதை போயிருந்தது. "பாடாப் படுத்துறான் ஐயா" என்றாள். கடைசி முறை வாயில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, "வதைக்கிறான் ஐயா, என்னால முடியல" என்றாள். அதையும் தத்தன் தொல்லை என்றே எழுதினான்.

கேட்டிருந்த அரசியார் அவை நடுவே வாய்விட்டு அழுதார். நச்சரிக்கிறார் என்றபோது அவளிடம் பொறுமை மிச்சமிருந்தது, அலைக்கழிக்கிறார் என்றபோதாவது நாம் எழுந்திருக்கலாம், ஒவ்வொரு சொல்லாக ஏறி வந்து நம் கதவைத் தட்டியவளை நம் சிரிப்பே கொன்றது என்று அரற்றினார். அமைச்சர்கள் மறுத்துப் பேசியதை அவர் ஏற்கவில்லை.

ஆகவே, குடிகளின் வாயில் எந்தச் சொல் வந்ததோ அதுவே ஏட்டின் தலையில் ஏறுக. சேவல் வதைக்கிறது என்றாலும் அப்படியே எழுதுக. அரசியார் நூறு முறை இலையை விட்டு எழுவார், இனிச் சிரிக்கமாட்டார்.

சங்கிலச்சினை பொறித்து விடுக்கும் இவ்வோலையின் மற்றோர் ஆணை இது. கொற்றி சொன்னதைச் சொன்னபடியே தத்தன் புதிய ஏட்டில் எழுதித் தர, ஏறன் அதை மடியில் செருகிக்கொண்டு போயிருக்கிறான். வேறெதுவும் வேண்டாம் என்றுவிட்டான். தோணிக்காரன் ஆகையால் உங்கள் துறைகளுக்கு எல்லாம் வருவான். அவன் அந்த ஏட்டை எவரிடம் நீட்டினாலும், செய்கிற வேலையை அப்படியே விட்டு, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல், அவன் போதும் என்னும்வரை படித்துக்காட்டுக.