உனக்கு இல்லாத இழுப்பு

இன்று காலை பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஆசிரியர் ஒரு செம்புத் துண்டை நைத்திரிக்கமிலத்தில் போட்டார். பழுப்புப் புகை எழுந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் ஓடிப் போய் எல்லா ஜன்னல்களையும் திறந்தேன். "கொஞ்சம் புகைக்கு ஏன் இப்படிப் பதறுறீங்க?" என்று ஆசிரியர் சிரித்தார். ஆய்வுகூட உதவியாளன் நான். அதற்கான பதிலை உனக்கு எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஹட்டனில் ஒரு நகைக்கடையின் பின்னறையில் நீயும் நானும் பழைய தங்கத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். ஒரே தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, உயர்தர வகுப்பில் ஒன்றாக இரசாயனம் படித்து, பல்கலைக்கழகம் கிடைக்காமல் அங்கே வந்து சேர்ந்தவர்கள். உனக்கு அந்தப் படிப்பின் மேல் ஆசை போகவேயில்லை. பழைய தோடுகளை மூன்று பங்கு வெள்ளி சேர்த்து மூசையில் உருக்குவாய். "தங்கம் கூடுதலா இருந்தா அமிலம் உள்ள போக முடியாதுடா. வெள்ளி கரைஞ்சு வழி விடணும்" என்பாய். உருகியதைத் தண்ணீரில் ஊற்றி மணிமணியாக்கி நைத்திரிக்கமிலத்தில் கொதிக்கவைத்தால் பழுப்புப் புகையோடு வெள்ளியும் செம்பும் கரைந்துவிடும். அடியில் காப்பித்தூள் மாதிரி மிஞ்சுவதுதான் தங்கம். கழுவி, வெங்காரம் போட்டு உருக்கினால் மஞ்சள் திரும்பும். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை பார்ப்பவன் போலப் பார்ப்பாய்.

ஆபத்தும் உனக்குத் தெரிந்தே இருந்தது. "இந்தப் புகை நெஞ்சுல இருக்க ஈரத்துல பட்டா மறுபடி அமிலமாயிரும் மொதலாளி. உடனே தெரியாது, பல மணி நேரம் கழிச்சுத்தான் வேலையக் காட்டும். புகைய வெளிய இழுக்க ஒரு ஃபேன் போட்டுக் குடுங்க" என்று இரண்டு தடவை கேட்டாய். இரண்டு தடவையும் அவர் "அடுத்த மாசம் பாப்போம்" என்றார்.

அன்று முன்கடையில் கல்யாண வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். காற்று நெடியை அங்கே தள்ளிவிட்டது. முதலாளி எட்டிப் பார்த்து, "ஜன்னலையும் கதவையும் சாத்து" என்றார். நீ கொதிக்கும் அமிலத்தை விட்டு நகர முடியாமல் நின்றாய். சாத்தியவன் நான். சாத்திவிட்டு, முன்கடையில் நகைத் தட்டு எடுத்துக் கொடுக்கப் போய்விட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து இருமிக்கொண்டே வந்தாய். "ஆஸ்பத்திரிக்குப் போவோமா?" என்று நான் கேட்கவில்லை. "ஒண்ணுமில்லடா" என்று வீட்டுக்குப் போக அக்கரப்பத்தனை பஸ் ஏறினாய். மறுநாள் காலையில் செய்தி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போதே நீ பேசவில்லையாம்.

மரண விசாரணைக்கு முன் முதலாளி என்னை வராந்தாவின் ஓரத்துக்கு அழைத்தார். "அவனுக்கு மூச்சு இழுப்பு இருந்திச்சுதானே? நீ கூடவே வளந்தவன், நீ சொன்னா நம்புவாங்க. இல்லேன்னா ஜன்னல சாத்துனது யாருன்னு கேப்பாங்க."

"சின்ன வயசுலேருந்தே இருந்திச்சுங்க" என்று விசாரணையில் சொன்னேன். அதைத்தான் எழுதிக்கொண்டார்கள். உன் மனைவி கைக்குழந்தையோடு என்னிடம் வந்தாள். "எனக்குத் தெரியாம எப்பங்கண்ணே இருந்திச்சு?" என்றாள். நான் தலை குனிந்து நின்றேன். துக்கம் தாங்காமல் நிற்கிறேன் என்று நினைத்து, எனக்கே ஆறுதல் சொன்னாள்.

அடுத்த வாரம் ஃபேன் வந்தது. அதன் கீழ் நான் இரண்டு வருஷம் வேலை செய்தேன்.

போன மாதம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் உன் மனைவியையும் மகளையும் பார்த்தேன். உன் மகள் வளர்ந்துவிட்டாள், உன்னைப் போலவே நீண்ட கால்கள். விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாயா என்று கேட்டேன். அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஓட விட வேணாம்னு டீச்சருக்கு எழுதிக் குடுத்திருக்கேங்கண்ணே" என்றாள் உன் மனைவி. "அவங்கப்பாவுக்கு இருந்த இழுப்பு இவளுக்கும் வந்துட்டா?"

உண்மையைச் சொல்ல பஸ் புறப்படும் வரை நேரம் இருந்தது.

"நல்லதுதான் தங்கச்சி, கவனமா இருங்க" என்றேன்.