இடுப்பில் கட்டும் பெட்டி

ஓகஸ்ட் 3, ஞாயிறு
கச்சான் காற்று. காயப் போட்ட உடுப்பெல்லாம் மணல். பூசை முடிந்து பாடகர் குழுக் கூட்டம். திருவிழாவுக்கு இன்னும் இரண்டு கிழமை.

அத்தான் எல்லோர் முன்னாலும்: "ரீற்றா, போன முறை மாதிரிக் கடற்கரையில பிந்தாமல் அடி. பாட்டு இழுபடுது."

நான் பிந்துவதில்லை. எத்தனை தரம் சொல்வது? படகு ஆசீர்வாதத்துக்குப் புனிதரின் சுரூபத்தைத் தண்ணீர் விளிம்புக்குக் கொண்டு போவார்கள். பாடகர்கள் பின்னால் போய்க் கணுக்கால் தண்ணீரில், படகுகளைப் பார்த்தபடி. நான் மட்டும் மேலே ட்ரக்டர்ப் பெட்டியில், ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில், வயரின் நுனியில். என் கிட்டார் மணலைத் தாண்டிப் போய் அவர்கள் காதில் விழப் பிந்தும். அவர்கள் குரல் திரும்பி வர இன்னும் பிந்தும். பழி எனக்கு. அக்காவைக் கட்டிய நாளிலிருந்து இந்த மனிதர் எல்லாவற்றுக்கும் தலைவர், குழுவுக்கும்.

கிட்டார்ச் சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும் வயரில்லாத பெட்டி ஒன்று வாங்கினால் நானும் தண்ணீரில் அவர்களோடு நிற்கலாம் என்றேன். பங்குச் சுவாமி உடனே ஓம், வாங்குவம் என்றார். "நீரே பார்த்துச் சொல்லும்." அத்தான் கூரையைப் பார்த்தார்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்
வெக்கை. அரைநாள் லீவு. புத்தளம் பஸ்ஸில் இடமில்லை, நின்று கொண்டே. உப்பளம் கண்ணைக் கூசவைத்தது.

கடைக்கார நானா இரண்டு வகை எடுத்து வைத்தார். "இது கிட்டார்ல குத்துனா சரி மிஸ், சின்னது. மத்தது இடுப்புல கட்டுறது, வயர் கொஞ்சம் இரிக்கும். பொம்புளைகள் சின்னதத்தான் கேப்பாங்க."

எத்தனை பொம்பிளைகள் வந்து கேட்டார்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "நீங்கதான் மொதல்" என்றார்.

குத்தும் வகை கிட்டாரின் வால் பக்கம் இருக்கும். கடலைப் பார்த்து நின்றால் என் உடம்பே அதை மறைக்கும். பின்னால் ட்ரக்டரில் உள்ள மற்றப் பாதிக்கு, சத்தத்தை வாங்கும் பாதிக்கு, சிக்னல் போகாது. வீட்டுக்குள், கோயிலுக்குள் என்றால் சுவரில் பட்டுத் திரும்பிப் போய்ச் சேரும். கடற்கரையில் ஏது சுவர்? இடுப்பில் கட்டுவது முதுகுப் பக்கம் நிற்கும், ட்ரக்டரை நேரே பார்க்கும். விலையில் பெரிய வித்தியாசமும் இல்லை. முடிவு: இடுப்பில் கட்டுவது. தாளில் பெயர் எழுதி, ஏன் என்றும் எழுதி, வரும் வழியில் அத்தானிடம் கொடுத்தேன்.

உள்பாவாடைப் பட்டியில் பின்பக்கம் ஒரு பை வைத்துத் தைத்தேன். சாறி முந்தானை மூடிவிடும். நல்ல வேலை. சந்தோஷமாக இருந்தது.

ஓகஸ்ட் 8, வெள்ளி
காற்று விடவில்லை. பாண், பருப்பு, மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

அத்தான் புத்தளம் போய் மற்றதை வாங்கி வந்திருக்கிறார். குத்துவதை!

"நான் எழுதித் தந்தது?"

"வாசிச்சனான். சாறி கட்டின பொம்பிளை இடுப்பில பெட்டியோட சுரூபத்துக்குப் பின்னால நிண்டா ஆக்கள் என்ன கதைப்பினம்?"

"வெளியில தெரியாது அத்தான். முந்தானைக்குள்ள."

"வயர் தெரியுமே."

அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு: "அவர் உன்ர நல்லதுக்குத்தானே சொல்லுறார்."

ஒரு பெட்டிக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று வீடு வரும்வரை யோசித்தேன். பெட்டிக்கு இல்லை. அலுவலகத்தில் காணிச் சண்டைகளுக்கு நான் சொல்லும் முடிவை ஏற்றுக்கொண்டு ஆண்கள் எழுந்து போகிறார்கள். இங்கே என் இடுப்பில் என்ன இருக்கலாம் என்பதற்கு என்னைத் தவிர எல்லோருக்கும் ஒரு கருத்து. வாசித்துவிட்டுத்தான் வாங்கியிருக்கிறார். வாசிக்காமல் வாங்கியிருந்தால் மன்னித்திருப்பேன்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு
கோயிலுக்குள் சோதனை. பீடத்துக்குப் பின்னால் போயும் அடித்துப் பார்த்தேன். தெளிவாக, ஒரு இரைச்சல் இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள், அத்தானுக்கு. கடற்கரையிலும் ஒருக்கா பார்ப்போம் என்றேன்.

"உனக்கு ஒண்டும் சரிவராது."

தலையிடி. பனடோல்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு
திருவிழா. தண்ணீர் குளிர்ந்திருந்தது. முதல் தடவை அவர்களுக்கு நடுவில். வலப்பக்கம் பிலோமினா, அவளுடைய தோள் என் தோளில்.

முதல் பாட்டிலேயே ஸ்பீக்கரில் என் கிட்டார் போயிற்று. ட்ரக்டரைத் திரும்பிப் பார்த்தால் வருகிறது, கடலைப் பார்த்தால் போகிறது. சுரூபத்துக்கு முதுகு காட்டி நிற்கவா முடியும்? கடலைப் பார்த்தே அடித்தேன். வெறும் கம்பிச் சத்தம். விரல் நோக அடித்தேன். பக்கத்தில் நின்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டே பாடினார்கள். கடைசிப் படகுவரை ஒரு இடத்திலும் இழுபடவில்லை.

சாப்பாட்டில் சுவாமி: "இந்த முறைதான் பாட்டு பாட்டாய் இருந்தது."

அத்தான்: "பெட்டி நல்ல பெட்டி சுவாமி. நான் பார்த்து வாங்கினது."

சோறு வாய்க்குள். பேசாமல் இருந்தால் அவர் வாங்கியது சரி. பேசினால், கிட்டார் இல்லாததை ஒருவரும் கவனிக்கவில்லை என்று நானே சபையில் சொன்னது போல. விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

"ஸ்பீக்கரில கிட்டார் வரவே இல்லை அத்தான்."

"விசர்க் கதை. நான் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலதானே நிண்டனான்."

"அப்ப கிட்டார் கேட்டதோ?"

"பாட்டுக் கேட்டது."

பிலோமினா மீன் முள்ளை எடுத்தபடி: "எங்களுக்குக் கிட்டாரும் கேட்டது அண்ணன். இவள் எங்கட காதுக்குள்ள நிண்டெல்லோ அடிச்சவள்."

சுவாமி அத்தானைப் பார்த்தார். "அப்ப இவ்வளவு காலமும் பிந்தினது ரீற்றா இல்லையோ?"

அத்தான் குழம்பு கேட்டார்.

வீட்டுக்கு வரும்போது அக்கா: "ஆக்களுக்கு முன்னால அவரை அப்பிடிக் கேட்டிருக்க வேண்டாம்." எத்தனை திருவிழா, ஆட்களுக்கு முன்னால் என்னைக் கேட்டார். அப்போது இவள் எங்கே இருந்தாள்? கோபம் ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

ஓகஸ்ட் 18, திங்கள்
காற்றுக் குறைவு. லீவு. புத்தளம். கடைக்கார நானா மறுபேச்சில்லாமல் பெட்டியை மாற்றித் தந்தார். கடையிலேயே கட்டிப் பார்த்தேன். சாறிக்கு மேலே, முந்தானையை ஒதுக்கி. கழற்றவில்லை. அப்படியே பஸ்ஸில். அப்படியே அத்தான் வீட்டு வாசலுக்கு முன்னால் நடந்து வந்தேன்.